பாறைக்கு வராத படகு

சுகாதார அலுவலகத்தின் ஜீப் ஓட்டுநருக்கு எல்லோரும் வைத்த பெயர் வானொலி. காலையில் திறந்த வாய் மாலை வரை மூடாது. மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. வீட்டில் கேட்பதற்குச் சுவரைத் தவிர யாருமில்லை. அங்கே மிச்சமாகும் பேச்சையெல்லாம் அலுவலகத்தில் வந்து கொட்டுவார். அதை முகம் சுளிக்காமல் கேட்பவர் மேடம் ஒருவர்தான். எந்தத் தொற்றுநோய் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று தடம் பிடிப்பது மேடத்தின் வேலை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் கலங்கரை விளக்கத்தின் தலைமைக் காவலர் வந்து வாசலில் நின்றார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். நெற்றியில் பழைய அம்மைத் தழும்பு. சீருடையெல்லாம் சரியாக இருந்தது, இடுப்பில் பெல்ட் மட்டும் இல்லை. அவர் வேலைக்கு ஆபத்து என்று ஊரில் பேச்சு; பெல்ட்டை இப்போதே பிடுங்கிக்கொண்டார்களோ என்று வானொலிக்கு மனம் இளகியது. காவலர் நாற்காலியின் நுனியில், வலப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"யாருமே வரலைங்க மேடம். ஒரு காக்கா கூட வரல. நான் யாரையோ பாறையில ஏத்தினேன்னு எழுதிட்டாங்க."

கடலுக்கு நடுவில் ஒரு பாறை, பாறை மேல் விளக்கு, விளக்குக்கு இரண்டு பேர். சாமான் படகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். போன படகு வந்துபோன நாற்பத்தோராம் நாள் உதவிக் காவலருக்கு உடம்பெல்லாம் கொப்புளம். சின்னம்மை. முப்பத்துநாலு வயதில் வந்ததால் நுரையீரல் வரைக்கும் இறங்கிவிட்டது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, அவசரப் படகில் கொண்டுவந்தார்கள். தலைமைக் காவலரும் அதே படகில் வந்தார். உதவியாள் நாலு நாளாக ஆஸ்பத்திரியில் தனி அறையில் கிடக்கிறார்.

அம்மை ஆளிடமிருந்துதான் ஆளுக்கு வரும். தலைமைக் காவலருக்கு எட்டு வயதிலேயே வந்து போய்விட்டது. அப்படியானால் வெளியாள் ஒருவர் பாறையில் ஏறியிருக்க வேண்டும், ஏற்றியவர் இவர். இது துறைமுக அதிகாரியின் கணக்கு. வெளியாளை ஏற்றினால் வேலை போய்விடும். நாளைக்கு விசாரணை.

"போனா போகுது சார், வேற வேலையா கிடைக்காது?" என்றார் வானொலி.

"வேலை கிடைக்கும். எங்க போய்ப் படுக்கிறது? கரையில எனக்கு யாரு இருக்கா? அந்தப் பாறைதான் என் வீடு."

மேடம் மெல்லக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பழகுவீங்க?"

"பேச்சுவார்த்தை இல்லைங்க. படகு போன பதினொண்ணாம் நாள் சர்க்கரை டப்பா திறந்து கிடந்து எறும்பு ஏறிடுச்சு. நான் அவனைச் சொன்னேன், அவன் என்னைச் சொன்னான். அதுலேர்ந்து அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. ஏதாவது சொல்லணும்னா பதிவேட்டுல எழுதி வச்சிடுவோம்."

எலியும் பூனையும்கூட இதைவிட நன்றாகக் குடித்தனம் நடத்தும் என்று வானொலி நினைத்துக்கொண்டார்.

காவலர் கொண்டுவந்திருந்த பதிவேட்டை மேடம் புரட்டினார். நூற்று நாற்பத்துமூன்று படி ஏறி விளக்கேற்றிய கணக்கு, நாள் தவறாமல் காவலரின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. இருபத்துநாலாம் நாளிலிருந்து முப்பத்திரண்டாம் நாள் வரை மட்டும் வேறொரு உருண்டைக் கையெழுத்து.

"இந்த ஒன்பது நாள் அவர் ஏறினாரா?"

"கீழ்த் தொட்டியிலேர்ந்து தண்ணி கேனை இழுக்கறப்போ கயிறு உரசி இடுப்புல புண்ணு. படி ஏற முடியல. சின்ன விஷயம்தான்."

"கயித்தை எப்படிப் பிடிப்பீங்க?"

"இடுப்பைச் சுத்தி ஒரு சுத்து. அப்படியே பின்னால நடந்தா கேன் மேல வந்துடும்."

முப்பத்துமூன்றாம் நாளின் கீழே ஒரு வரி இருந்தது: 'வலி எண்ணெய் தீர்ந்தது. அடுத்த படகில் ஒரு பாட்டில் அனுப்பவும்.' மேடம் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார். பிறகு பதிவேட்டை மூடி, "நாளைக்கு நான் வர்றேன்" என்றார்.

ஜீப்பில் ஏறியதும் வானொலி ஆரம்பித்தார். "மேடம், இது பொம்பள விஷயம். மீன் படகுல யாரோ ஒருத்தி வந்து போயிருக்கா."

"வந்திருந்தா முதல் வேலையா அந்தச் சர்க்கரை டப்பாவை மூடியிருப்பா, அண்ணே."

"அப்போ அம்மை என்ன, நீந்தியா வந்துச்சு?"

"அது அங்க வந்து ரொம்ப வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டு மேடம் கண்ணை மூடிக்கொண்டார். வானொலிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், டாக்டர் அறையில், மேடம் கேட்டுக்கொண்டபடி விசாரணைக்குக் கூடினார்கள். துறைமுக அதிகாரி காகிதக்கட்டோடு வந்திருந்தார். காவலர் ஓரமாக நின்றார். வானொலி கதவில் சாய்ந்துகொண்டார்.

"புண்ணு எந்தப் பக்கம்?" என்று மேடம் காவலரிடம் கேட்டார்.

"இடது பக்கம்."

"இடுப்பைச் சுத்தின கயிறு ஒரு பக்கம் மட்டும் எப்படி உரசும்? டாக்டர், கொஞ்சம் பாருங்க."

டாக்டர் சட்டையைத் தூக்கினார். முதுகெலும்பில் தொடங்கிய பழுப்புத் தழும்புகள் இடுப்பை வளைத்துத் தொப்புள் வரை வந்து, கோடு போட்ட மாதிரி நின்றிருந்தன. மறுபக்கம் ஒரு கீறல்கூட இல்லை. விரல் பட்டதுமே காவலர் துடித்துப்போனார். பெல்ட்டை யாரும் பிடுங்கவில்லை, அவரால்தான் போட முடியவில்லை என்று வானொலிக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது கயிறு இல்ல. அக்கி" என்றார் டாக்டர்.

மேடம் தலையசைத்தார். "அம்மை ஒரு தடவை வந்தா மறுபடி வராதுன்னு சொல்வோம். பெரும்பாலும் சரிதான். வெளியிலேர்ந்து புதுசா வந்தா உடம்பு அடையாளம் கண்டு விரட்டிடும். ஆனா முதல் தடவை வந்த கிருமி போறதில்ல. நரம்போட வேர்ல போய்ப் படுத்துக்கும். வயசாகி எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அசந்துச்சுன்னா, ஒரே ஒரு நரம்பு வழியா எழுந்து வரும். அதான் ஒரு பக்கம் மட்டும். இவருக்கு அம்மை திரும்பி வரல சார். போகவே இல்ல."

"அப்போ உதவிக் காவலருக்கும் அக்கிதானே வரணும்?" என்று அதிகாரி மடக்கினார்.

"அந்தக் கொப்புளத் தண்ணி, அம்மையே வராத ஒருத்தர் மேல பட்டா அம்மையாத்தான் வரும். பட்ட பத்து நாள்லேர்ந்து மூணு வாரத்துக்குள்ள. நாற்பத்தொண்ணுலேர்ந்து பின்னால எண்ணுங்க. இருபதுக்கும் முப்பத்தொண்ணுக்கும் நடுவுல பட்டிருக்கணும். பதிவேட்டுல கையெழுத்து மாறினது இருபத்துநாலு."

"முகம் கொடுத்துப் பேசாத ரெண்டு பேர் எப்படித் தொட்டுக்கிட்டாங்க?"

"புண்ணு முதுகுல. தன் கை எட்டாது. எண்ணெய் பாட்டிலோ காலி. பாறையில இருந்தது ரெண்டே பேர்."

எல்லோரும் காவலரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒன்பது நாளும் அவன்தான் தேய்ச்சு விட்டான். நான் கேக்கல. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவேன். வந்து தேய்ச்சிட்டுப் போயிடுவான். ஒரு வார்த்தை பேசல. முடியலைன்னு எழுதினா என்னைக் கரைக்கு அனுப்பிடுவாங்கன்னு எழுதாம விட்டேன். என் மேல ஒருத்தர் கை பட்டு எத்தனையோ வருஷம் ஆச்சுங்க. அந்தக் கைக்குப் போய் நான் இதையா கொடுத்தேன்!"

வானொலிக்கு, தன் முழங்கால் வலி வந்தால் தேய்த்துவிட ஒரு கை இருந்த காலம் நினைவுக்கு வந்தது. துறைமுக அதிகாரி மேல் காகிதத்தை உருவி நான்காகக் கிழித்தார். "அடுத்த படகுல நீங்க பாறைக்குப் போகலாம். முதல்ல டாக்டர்கிட்ட மருந்து வாங்கிக்கங்க" என்றார்.

காவலர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "அவனை ஒரு தடவை பார்க்கணும். கண்ணாடி வழியாப் பார்த்தாப் போதும்."

"பாவம், நாலு நாளா அவரைப் பார்க்க யாருமே வரல" என்றார் டாக்டர். "சாப்பாடு வைக்கிறவங்ககூட பயந்துக்கிட்டு வாசலோட வச்சிட்டு ஓடுறாங்க."

"கண்ணாடி எதுக்கு?" என்றார் மேடம். "உங்களுக்குத்தான் அம்மை வந்தாச்சே. அவர்கிட்டேர்ந்து உங்களுக்கு வர்றதுக்கு ஒண்ணுமில்ல. பயமில்லாம பக்கத்துல உட்காரக்கூடிய ஆள் நீங்கதான்."

டாக்டரும் தழும்புகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "எல்லாம் காய்ஞ்சு உதிர்ந்தாச்சு. போங்க" என்றார்.

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே நின்ற வானொலிக்கு உள்ளே எல்லாம் தெரிந்தது. கட்டிலில் கிடந்தவரின் முகமே தெரியாத அளவுக்குப் பொருக்கு. காவலர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசையிலிருந்த களிம்பை எடுத்து, அந்தக் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தடவ ஆரம்பித்தார். விரல் விரலாகத் தடவி மணிக்கட்டு வரை வந்தார்.

"அந்தச் சர்க்கரை டப்பா," என்றார் காவலர் கடைசியில். "நான்தான் மூடல."

கட்டிலில் இருந்தவர் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்: "தெரியும். எறும்பு உங்க டம்ளர்லதான் மிதந்துச்சு."

சொல்லிவிட்டு இன்னொரு கையையும் நீட்டினார்.