ஈரம் பிடிக்காத சுவர்

அந்த நிலவறையில் எல்லாச் சுவர்களும் வியர்த்துக்கொண்டிருந்தன, ஓரிடத்தைத் தவிர.

வாப்பிங்கில் தேம்ஸ் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற பழைய வீடு. ஆறு ஏறும் நேரத்தில் நிலவறைத் தரைக்கடியில் தண்ணீர் புரண்டு படுப்பது கேட்கும். செங்கல் மூட்டுகளில் உப்புப் பூக்கும். காலையில் கழற்றி வைத்த கையுறையை மத்தியானம் பிழிந்தால் சொட்டும். ஆனால் பழைய அடுப்பு மூலையை ஒட்டி, ஒரு ஆள் குந்தியிருக்கிற அகலத்துக்கு மட்டும், சுவர் பொருக்கென்று காய்ந்து கிடந்தது. றமணன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். குளிரவில்லை. ஊரில் கல்லுடைத்து, பாரிஸில் கொங்கிறீற் சுமந்து, லண்டனில் சாந்து பூசுகிற கை அது. டிசம்பர் மாதத்தில் சுவர் குளிராமல் இருப்பதை அந்தக் கை நம்பவில்லை.

சுவரைவிட ஆளை அவன் குறைவாக நம்பினான். வேலை எடுத்துக் கொடுக்கிற வாமதேவன் அவன் அறிய ஒருநாளும் நிலவறைக்குள் இறங்கியதில்லை. மேல்படியில் நின்றுதான் கதைப்பார். அவனுக்கு முன்னால் இங்கே வேலை செய்த போலந்துக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப் போய்விட்டார்கள் என்றார். அவர்களுடைய வாளி இன்னும் மூலையில் கிடந்தது. அதற்குள் ஒரு மேசன் கரண்டி, சாந்தோடு சாந்தாக இறுகிப்போய் நின்றது. கரண்டியைக் கழுவாமல் வீட்டுக்குப் போகிற மேசனை றமணன் இன்றுவரை கண்டதில்லை. ஓடுகிறவன்தான் அப்படி விட்டுவிட்டு ஓடுவான்.

"அண்ணை, இந்த மூலை சரியில்லை. தட்டினால் உள்ளுக்கு ஒண்டுமில்லாமல் கோறை மாதிரிக் கேட்குது."

"கோறையெண்டால் என்ன? தட்டிப் பாத்து வாங்கிறதுக்கு நீ என்ன தேங்காய்க் கடையிலயே நிக்கிறாய்? போர்டை அடிச்சு மூடு. மனிசி நத்தார்ப் பண்டிகைக்கு அதுக்குள்ள இருந்து படம் பாக்க வேணுமாம்."

"ஒருக்கா இறங்கி வந்து பாருங்கோவன்."

"என்ர முழங்காலுக்கு ஏலாது தம்பி."

போன கிழமை வட லண்டன் எட்மண்டனில் கோயில் மண்டபத்துப் படிகளில் அதே முழங்காலோடு மேளகாரரை முந்திக்கொண்டு ஏறிய மனிதர் அவர்.

மனிசி என்றது வீட்டுக்காரி மிசிஸ் ஹார்கிரீவை. ஸ்பெயினுக்குப் போக முதல் அவள் றமணனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, படிக்கட்டில் தொங்கிய பெரிய ஓவியத்தைக் காட்டினாள். இந்த வீட்டைக் கட்டியவனாம். ஆபிரிக்கக் கரையில் ஆட்களைப் பிடித்துக் கப்பலில் அடுக்கிக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றவன். நீலக் கோட்டில் நங்கூரம் பொறித்த பித்தான்கள் மின்ன நிமிர்ந்து நின்றான். அவன் முழங்கையடியில், தட்டு ஏந்திக்கொண்டு, ஒரு கறுப்புப் பொடியன். கழுத்தில் வெள்ளி வளையம். நாய்க்குப் போடுவதுபோல, எசமானின் பேர் பொறித்தது. பொடியனை சிப்பியோ என்று கூப்பிட்டார்களாம். அவனுடைய சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. ஒருமுறை ஓடிப்போய்ப் பிடிபட்டு வளையத்தோடு இழுத்துவரப்பட்டவன். பிறகு ஒருநாள் எசமான் மேல்மாடி அறைக்குள், உள்தாழ்ப்பாள் போட்டபடி, செத்துக் கிடந்தானாம். வாயும் தொண்டையும் நிறைய ஈரச் சுண்ணாம்புச் சாந்து. பொடியனைக் காணவில்லை. அவன்தான் கொன்றுவிட்டு ஓடினான் என்று ஊரெல்லாம் தேடியும் கடைசிவரை அவன் பிடிபடவேயில்லை. அவள் இதைச் சொல்லிச் சிரித்தாள். நல்ல கதை இல்லையா என்று கேட்டாள். றமணன் ஓம் என்று தலையாட்டினான். அந்தப் பொடியனின் முகத்தை மட்டும் அவனால் இரண்டாம் தரம் பார்க்க முடியவில்லை. சுஜீத்துக்கும் அதே போல ஒட்டிய கன்னம்.

சுஜீத் அவனுடைய தம்பி. மே மாதம் முள்ளிவாய்க்காலில் சனத்தோடு சனமாக நின்றவன் என்று மட்டும் தெரியும். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. றமணனுக்கு உள்ளுக்குள் விளங்கியிருந்தது. ஒரு பிடி சோற்றை அவன் பேருக்குப் படைத்துவிட்டால் தொண்டையில் நிற்பது இறங்கும் என்றும் தெரிந்திருந்தது. மனைவி பிரியந்திதான் விடவில்லை. அவனை அவள் நேரில் கண்டதில்லை; கலியாணம் கட்டி வந்தபோது அவளுக்குக் கிடைத்த சுஜீத், பள்ளிக்கூட உடுப்போடு நிற்கும் ஒரே ஒரு படம். அந்தப் படத்துக்காகத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"பிரேதம் காணாமல் படைக்கக் கூடாது. படைச்சால் நாங்களே அவனைச் சாக்காட்டினமாதிரி. வருவான், பாருங்கோ."

வீட்டுக்காரி போன பிறகு வீடு வெறுமையாய்க் கிடந்தது. டிசம்பர் வெளிச்சம் பின்னேரத்துக்கு முன்னரே செத்துவிட, நிலவறையில் ஒற்றை மின்விளக்கு மஞ்சளாய்த் தொங்கியது. அன்றைக்கு றமணன் போர்டை அடிக்கவில்லை. உளியை எடுத்தான்.

மேல்பூச்சு அப்பளம் மாதிரிப் பெயர்ந்தது. உள்ளே செங்கல். ஒன்றும் நேரில்லை, ஒன்று தூக்கி, ஒன்று சரிந்து, மேசன் கை படாத கட்டு. சாந்தைக் கரண்டியால் வைக்காமல் கையால் அப்பியிருந்தார்கள். ஒரு மூட்டுக்குள் ஏதோ மின்னியது. உளிமுனையால் தோண்டி எடுத்தான். பித்தான். நங்கூரம் பொறித்தது.

கட்டியது யார் என்று கேட்க இனி ஆள் தேவையில்லை.

கல்லொன்றை இழுத்ததும் உள்ளிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பான காற்று. யாரோ நெடுநேரம் அடக்கி வைத்திருந்து விட்டதுபோல. டோர்ச்சை அடித்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, சின்னதாய், எலும்பாய், ஒருவன் குந்தியிருந்தான். நாடிக்குக் கீழே, கழுத்தில், வெள்ளி வளையம் கறுத்துக் கிடந்தது. சுவரின் உள்பக்கத்தில், சாந்து முழுவதும், மேலிருந்து கீழாக விரல் தடங்கள். சாந்து ஈரமாயிருந்தபோது விழுந்தவை. சில தடங்கள் கல்லுக்குள்ளும் போயிருந்தன.

உயிரோடு வைத்துக் கட்டியிருக்கிறான்.

றமணன் தரையில் இருந்துவிட்டான். கட்டு முழுவதும் ஒரே சாந்து, ஒரே கை. இடையில் யாரும் திறந்து மூடிய அடையாளம் இல்லை. பொடியன் அன்றையிலிருந்து இங்கேதான் இருக்கிறான். அப்படியென்றால் மேல்மாடியில், பூட்டிய அறைக்குள், எசமானின் வாயில் சாந்தை அடைத்தது யார்?

வாமதேவனின் கார்ச் சத்தம். பிறகு மேல்படியில் சப்பாத்து.

"முடிஞ்சுதே?"

"அண்ணை, உள்ளுக்கு எலும்பு கிடக்கு. மனிச எலும்பு. பொலிசுக்குச் சொல்ல வேணும்."



"சொல்லு. சொல்லி வேலையை மறிப்பாங்கள், வந்து பேர் கேட்பாங்கள், பேப்பர் கேட்பாங்கள். உன்ர அகதிக் கேஸ் இன்னும் ஹோம் ஆபிசில தூங்குது. வேலை செய்ய உனக்குப் பெர்மிட் இருக்கே? பிளைட்டில ஏத்தி விடுவாங்கள். கொழும்பில இறங்கிக் கதை சொல்லு."

"அதுக்கு, உப்பிடியே விடச் சொல்லுறியளே?"

"இவ்வளவு காலமும் கிடந்த பொடியன். இன்னும் கிடக்கட்டும். ஊரில கிடக்கிறதுகளை ஆர் எடுத்தது?"

றமணன் மெல்ல எழும்பினான்.

"பொடியன் எண்டு நான் சொல்லேல்லையே அண்ணை."

விளக்கு வயர் சுவரில் உரசியது. வாமதேவனின் குரல் இறங்கிப்போய் வந்தது.

"அந்தப் போலந்துக்காரங்கள் சொன்னவங்கள். சுவருக்குள்ள பொடியன் ஒருத்தன் இருமுறான் எண்டு. குடிவெறியில உளறுறாங்கள் எண்டு நினைச்சன். ஒருநாள் நானும் இறங்கி வந்து பாத்தனான். மூடு தம்பி. கும்பிட்டுக் கேக்கிறன். இண்டைக்கே மூடு."

கார் கிளம்பிப் போய்விட்டது.

சாந்து குழைத்தான். வேறு என்ன செய்வது? கை குழைக்கிறது, மனம் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கேயோ ஒரு மண்ணுக்குள் தன் தம்பியையும் எவனோ இப்படித்தான் மூடியிருப்பான்; அவனுக்கும் ஒரு கேஸ் இருந்திருக்கும், ஒரு பெண்சாதி இருந்திருப்பாள். கட்டுவதற்கு முதல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். பிரியந்தி குழையல் கொடுத்து விட்டிருந்தாள். சோறும் கறியெல்லாமும் சேர்த்துக் குழைத்து, கையில் உருட்டிக் கொடுக்கிற சோறு. ஊரில் எல்லோரும் சட்டியைச் சுற்றியிருக்க, முதல் உருண்டை எப்போதும் சுஜீத்துக்குத்தான் போகும்.

முறை இல்லாதவனுக்கு முறை சொல்லிப் படைக்கக் கூடாது. அது அவனுக்குத் தெரியும். உறவு சொல்லி வைத்த சோற்றை எடுத்தவன் அந்த உறவோடு வீட்டுக்கு வருவான் என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தெரிந்தும், ஓர் உருண்டை பிடித்து, ஓட்டைக்குள் கையை விட்டு, அந்த முழங்கால்களுக்கு முன்னால் வைத்தான். ஏழு மாதம் அடைத்து நின்றது வாய்க்கு வந்துவிட்டது.

"சாப்பிடு, தம்பி."

கல்லை வைத்தான். அடுத்த கல். அடுத்தது. கடைசிக் கல்லைச் செருகிச் சாந்தை வழித்தபோது உள்ளே சத்தம்.

இருமல்.

சின்ன இருமல். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல.

கை நிற்கவில்லை. வழித்தது. பூசியது. தேய்த்தது. மறுபடி இருமல். பிறகு மெல்லுகிற சத்தம். ஈரமாக. அவசரமாக.

கரண்டியைக் கழுவவில்லை. போட்டது போட்டபடி படியேறினான். மேலே நின்று, பழக்கதோஷத்தில், வீட்டை விட்டு இறங்கும்போது யாரிடமும் சொல்கிற அதே சொல் வாயில் வந்தது.

"போயிட்டு வாறன்."

ரயிலில் யாரும் அவனுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சீட் மட்டும் வெறுமையாய் இருந்தது. எட்மண்டனில் இறங்கும்போது கையை வைத்துப் பார்த்தான். சீட் சூடாயிருந்தது.

வாமதேவனுக்குப் போன் எடுத்தான். மணி அடித்து அடித்து, பிறகு யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு மூச்சுவிடப் போராடுகிறமாதிரி ஒரு கொழகொழப்பு. வைத்துவிட்டான்.

சாவி போட முதலே கதவு திறந்தது. பிரியந்தியின் கண்கள் சிவந்திருந்தன. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, எத்தினை தரம் போன் எடுத்தனான்! கெதியா வாங்கோ. நான் சொன்னனானே. படைக்கக் கூடாது எண்டு சொன்னனானே!"

"என்ன? என்னப்பா சொல்லுறீர்?"

"தம்பி வந்திட்டான்."

கார்ப்பெற்றில் வெள்ளைத் தடங்கள். வெறுங்கால். சின்னக் கால்.

"கதைக்கிறானில்லை. தொண்டையில என்னவோ, இருமிக்கொண்டே இருக்கிறான். எவ்வளவு பாடுபட்டானோ, எலும்பாப் போனான். குழையல் போட்டுக் குடுத்தன். நீங்கள் வரட்டும் எண்டு காத்துக்கொண்டு இருக்கிறான்."

நிலவறை மணம். சமைக்கிற குசினிக்குள்.

மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. பிரியந்தியின் கம்பளிப் போர்வை தோளில். போர்வைக்கு மேலே வளையம். யாரோ துடைத்து வைத்ததுபோல மின்னியது. சோற்றுக் கோப்பைக்குள் கை போய் வந்துகொண்டிருந்தது. குழைத்தது. உருட்டியது. கோப்பைக்குள் சோறு இல்லை. வெள்ளையாய், ஈரமாய், வேறு ஏதோ.

"பாத்தியளே," பிரியந்தி கண்ணைத் துடைத்தாள். "முதல் உருண்டை அண்ணைக்காம்."

அது திரும்பியது. கை நீண்டது. விரல்நுனிகளில் ஒன்றும் மிச்சமில்லை. சுவரில் தேய்ந்த எலும்பு. அதன்மேல் வழவழவென்று உருட்டிய சாந்து, சொட்டச் சொட்ட.

"ஆசையாத் தாறான். வாயைத் திறவுங்கோவன்."

றமணன் பல்லைக் கடித்துக்கொண்டான். நாக்கில் ஏற்கெனவே சுண்ணாம்பு எரிந்தது.