ஒன்பது நெட்டி

சுகந்தி கையை நீட்டி அலமாரியைக் காட்டினாள்.

“ப்பா, அவரு இந்தத் தடவ அங்க நிக்கிறாரு.”

விஜயன் சிரித்துவைத்தான். மேசைமேல் இருந்தது ஒரே ஒரு டேப்ரெக்கார்டர், அதில் ஒரே ஒரு ஸ்பீக்கர். கதாநாயகன் பேசினாலும் நாய் குரைத்தாலும் இடி இடித்தாலும் எல்லாம் அந்த உள்ளங்கை அகலத்து ஓட்டைகள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அலமாரியோ அறையின் மறுகோடியில் இருந்தது. பிள்ளைக்குக் கற்பனை ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் அலமாரிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கேசட்டை நிறுத்தினான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவளுக்கு எட்டு வயதில் வந்த காய்ச்சல் பார்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு பெனடால் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டவன் விஜயன்தான். மனைவி புஷ்பவல்லி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சொல்லாததே அவனைத் தினமும் தின்றது. அதுவரை மகளைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை.

காய்ச்சலுக்கு முன்னால் மாதாமாதம் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துப் பத்திரிகைக் கடைக்குத் தமிழ்நாட்டிலிருந்து காமிக்ஸ் வந்து இறங்குவதற்குள் அப்பாவும் மகளும் போய் நின்றுவிடுவார்கள். பிறகு அந்தப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிவைத்தான். அவள்தான் ஒருநாள் பெட்டியைத் தடவிக் கண்டுபிடித்து, படித்துக் காட்டச் சொன்னாள். படித்தான். குரல் மாற்றிப் படித்தான். அப்புறம் டேப்பில் பதிய ஆரம்பித்தான். பகல் முழுக்க ரயில் நிலையத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவன், சாயங்காலம் ராஜாவானான், திருடனானான், விதவைத் தாயுமானான். தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினால் குதிரை ஓடியது. முறுக்கைக் கடித்தால் வில்லனுக்கு எலும்பு முறிந்தது. எண்பத்து நான்காம் வருஷ மழைக்காலத்துக்குள் பதினொரு கதைகள் ஆகிவிட்டன.

பன்னிரண்டாவது கதைதான் வம்பு.

மலைமேல் ஓர் எஸ்டேட் பங்களா. அப்பா, அம்மா, ஒரு சின்னப் பையன். படங்களில் சிலவற்றில் ஓர் ஓரமாக ஒருவன் நிற்பான். ஒல்லியாக, உயரமாக, முழங்கால் வரை தொங்கும் கைகளோடு. கதையில் உள்ள ஒருவர் கண்ணிலும் அவன் படுவதில்லை. படிக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் பையனுக்குக் கொஞ்சம் கிட்டே வந்திருப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான்.

பேசாதவனை டேப்பில் எப்படிக் காட்டுவது? ‘இதோ நிற்கிறான்’ என்று இடையில் புகுந்து சொன்னால் பயம் போய்விடும். விட்டுவிட்டால் ஆளே இல்லை. விஜயனின் வீட்டில் சத்தம் போடாத ஆள் இல்லாத ஆள்தான். கண் தெரியாத பிள்ளை பக்கத்தில் சத்தமில்லாமல் போய் நிற்கக்கூடாது என்று அவளுடைய பள்ளி டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் புஷ்பவல்லி வளையலைக் குலுக்கிக்கொண்டு வருவாள். விஜயன் கதவு நிலையில் இரண்டு தட்டு தட்டுவான்.

மகளுக்கு விரல் இழுத்துவிடும்போது வழி கிடைத்தது. தினமும் சாயங்காலம் அவளுடைய பத்து விரலையும் ஒவ்வொன்றாக இழுத்து நெட்டி எடுப்பான். ‘டக்’ என்று சத்தம் வந்தால் அவள் எண்ணிக்கொள்வாள். சத்தம் வராத விரலை மறுபடி இழுக்கச் சொல்வாள். கதையில் பேசாதவனுக்கும் ஒரு நெட்டி கொடுத்தால் என்ன? ரெக்கார்டரை வாய் அருகே இழுத்துவைத்துக்கொண்டு, அந்த உயரமானவன் வருகிற ஒவ்வொரு படத்துக்கும் தன் விரல் ஒன்றை நெட்டி முறித்தான். மொத்தம் ஒன்பது.

பத்தாவதாக ஒரு படம் இருந்தது, கடைசிப் பக்கத்தில். அதில் அவன் பையனுடைய கையைத் தன் கையில் எடுத்திருந்தான். பெற்ற மனசு அதைப் பதிய இடம் கொடுக்கவில்லை. குடும்பம் காரில் ஏறி மலையிறங்கிப் போய்விட்டதாகக் கதையை முடித்துவிட்டான்.

முதல் தடவை கேட்டபோது அவர் வாசலில் நிற்கிறார் என்றாள் சுகந்தி. நல்லா பயமாயிருக்கு, இன்னொருதரம் போடுங்க என்றாள். மறுநாள் ஜன்னல் பக்கம். மூன்றாம் நாள்தான் அந்த அலமாரி. அதற்கு மறுநாள் ஃபேனுக்கு நேர் கீழே. புஷ்பவல்லியிடம் சொன்னபோது, பிள்ளைக்குப் பேய்க்கதை போட்டுக் கொடுத்துவிட்டு இப்போது அவள் பயப்படுகிறாள் என்றால் யார் குற்றம் என்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பினாள். ஆனால் மகள் பயப்படவில்லை. பயந்தது அவன்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. புஷ்பவல்லிக்கு இரவு பத்து மணி வரை ஷிஃப்ட். மழை விட்டதும், ஈரத் தண்டவாளத்திலிருந்து எழும் இரும்பு வாசனையும் கால்வாய்ச் சேற்று நாற்றமும் ஜன்னல் வழியே வந்து அறைக்குள் தங்கின. கூரையிலிருந்து கடைசித் துளிகள் தகர வாளியில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. விஜயன் ஒரு முடிவோடு ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். சத்தத்தை முழுக்கக் குறைத்து, பூஜ்யத்தில் வைத்து ஓடவிட்டான். கேசட்டின் பற்சக்கரங்கள் சத்தமில்லாமல் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒண்ணு,” என்றாள் சுகந்தி ஹாலிலிருந்து.

கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு.”

மூன்றாவது அவன் காதிலேயே விழுந்தது. கதவுக்கு அந்தப் பக்கம். காய்ந்த குச்சி ஒடிவதுபோல. அவன் விரல்கள் கேஸ் அடுப்பின் விளிம்பைப் பிடித்திருந்தன. அவன் முறிக்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ஓடினான். சுகந்தி பிரம்பு நாற்காலியில் இருந்தாள். வேறு யாரும் இல்லை.

“எங்கம்மா நிக்கிறாரு?”

“பக்கத்துல லா, ப்பா.” நாற்காலியின் வலக்கைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “உங்களுக்குத் தெரியலியா?”

அவனுக்குத் தெரியவில்லை. கதையில் உள்ளவர்களுக்கும் தெரியாது.

கேசட்டைக் குப்பையில் போட்டிருக்கலாம், கொளுத்தியிருக்கலாம். ஆனால் அந்த உயரமானவனைக் கொண்டுவந்தது அந்த நெட்டிச் சத்தம்தான் என்று தோன்றியது. சத்தத்தை எடுத்துவிட்டால் ஆள் போய்விடுவான். மைக் செருகும் துளையில் சும்மா ஒரு பிளக்கைக் குத்திவிட்டு ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் வெறும் மௌனம் பதியும். ரெக்கார்டரை எடுத்துவந்து மகளின் காலடியிலேயே உட்கார்ந்து ஒன்பது இடத்தையும் தேடினான். ஓட்டினான். நிறுத்தினான். அழித்தான். ஒவ்வொன்றாக. அவசரத்தில் கதையில் வரும் அம்மாவின் பாதி வசனமும் சேர்ந்து அழிந்தது. போகட்டும். ஒன்பதாவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டான். கார் மலையிறங்கியது. கதை முடிந்தது. நெட்டி வரவில்லை.

சுகந்தி தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள்.

“போயிட்டாரு, ப்பா. சத்தமே இல்ல.”

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தான். மைலோ போட்டுத் தருகிறேன் என்று சமையலறைக்குப் போனான். இரண்டு வருஷமாகச் சொல்லாத ‘கண்ணு’ அன்று வாயில் வந்தது. வந்ததை அவனே கவனித்தான். கெட்டில் கொதித்தது. இரண்டு கப்பிலும் மைலோப் பொடி போட்டு, பால்டின்னைச் சாய்த்துக் கரண்டியால் கலக்கினான்.

கலக்கிக்கொண்டிருந்த கை மெதுவாக நின்றது.

புத்தகத்தில் அவன் ஒருபோதும் சத்தம் போட்டதே இல்லை. சத்தம் விஜயன் கொடுத்தது. எங்கே நிற்கிறான் என்று மகளுக்குத் தெரியட்டும் என்பதற்காகக் கொடுத்தது. அலமாரி, ஃபேன், நாற்காலி. அவளுக்குத் தெரிந்தது. இப்போது அதை எடுத்தாயிற்று.

ஆளை எடுக்கவில்லை.

இரண்டு கப்பையும் அப்படியே தூக்கிக்கொண்டு விரைந்தான். கைகள் நிறைந்திருந்ததால் கதவு நிலையில் தட்டவில்லை. அவன் வந்தது சுகந்திக்குத் தெரியாது.

அவள் சிரித்துக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு என்ன ப்பா, ஒரு வெரல்லகூட சத்தம் வரல? பரவால்ல, எண்ணிக்கிறேன்.”

இடக்கை மடியில் கிடந்தது. வலக்கை நாற்காலியின் ஓரத்தில், வெறும் காற்றில் நீண்டிருந்தது. சுண்டுவிரல் மெதுவாக நிமிர்ந்தது. நீண்டது. மூட்டில் தோல் வெளுத்தது. பிறகு விடுபட்டுத் தளர்ந்தது.

“ஆறு,” என்றாள்.

மோதிர விரல். சத்தமில்லை. “ஏழு.”

நடுவிரல்.

ஆள்காட்டி விரல். “ஒம்போது.”

விஜயன் வாயைத் திறந்தான். ராஜாவின் குரல் இருந்தது, திருடனின் குரல் இருந்தது. எதுவும் வரவில்லை. சூடான மைலோ கையில் வழிந்தது. அதுகூடத் தெரியவில்லை.

கட்டைவிரல் நிமிர்ந்தது. நீண்டது. தளரவில்லை. மற்ற நான்கு விரல்களும் எதையோ சுற்றி மடங்கின. கை மேலே உயர்ந்தது. அவள் தலைக்கும் மேலே.

“எங்க ப்பா கூட்டிட்டுப் போறீங்க?”

அவள் எழுந்தாள். இரண்டு வருஷமாகக் காலால் தடவித் தடவி நடந்த பிள்ளை, உயர்த்திய கையோடு, சிரித்த முகத்தோடு, தடவாமல் நேராக நடந்தாள். அவளுக்கு முன்னால் வாசல் கதவின் தாழ்ப்பாள் விலகியது. சத்தமில்லாமல்.