கேட்டதைச் சொல்லும் பறவை

ஆற்றங்கரைக் கருவேலத்தின் உச்சியில், காடை போலவும் மரங்கொத்தி போலவும் மாறி மாறிப் பாடிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பறவை, நடுவில் ஒரே ஒரு தடவை, தகரக் குடுவையின் மூடியைத் திருகுவதுபோல் கிறீச்சென்றது.

கீழே நின்றிருந்த வென்டெல் தொலைநோக்கியைச் சட்டென்று இறக்கினான்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" பறவைகள் சரணாலயத்தின் வாசல் காக்கும் கொன்சுவேலோ, அறைக்குள்ளிருந்து சிரித்தாள். "கேட்டதைத்தான் அது பாடும். என் தும்மலையே திருடிடுச்சு, கழுதை! இன்னிக்குக் காலைல பத்து மணிக்குப் பூட்டினா ஞாயித்துக்கிழமைதான் திறப்பேன். லோர்னா மாதிரி வழி தவறிச் செத்துத் தொலைக்காதே."

"வரேன், கொன்சுவேலோ," என்று உள்ளே நடந்தான்.

லோர்னா வழி தவறவில்லை. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அரிசோனாவில் யாருமே பார்த்திராத வேறோர் அரிய பறவையைப் போன ஜூனில் முதலில் கண்டவள் அவள். கண்ட பரபரப்பில் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தவளும் அவள்தான். அவள் தண்ணீர்க் குடுவையைத் திருகி ஒரு வாய் குடித்துவிட்டு, ஆளைக் கூட்டி வருவதாகச் சொல்லி, குடுவையோடு போன வென்டெல், அந்த அரிய பறவையை முதலில் கண்டது தானே என்று பதிந்துகொண்டு வீட்டில் படுத்துத் தூங்கினான்.

"தண்ணி, வென்டெல்," என்றது பறவை. லோர்னாவின் குரல். காய்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தத்தோடு.

ஞாயிற்றுக்கிழமை பறவைக் கணக்கெடுக்க நாற்பது பேர் வருகிறார்கள். நாற்பது பேர் காதிலும் இந்தக் குரல் விழும்.

கல்லை எடுத்தான். பறவை அடுத்த மரத்துக்குத் தாவியது. ஓடினான். அழுகிய நாணல் நாற்றம். முகத்தில் முள். இன்னொரு மரம். இன்னொரு கல்.

காலடியில் தரை இல்லை.

அவனுக்குத் தெரிந்த பள்ளம்தான். எலும்பு மளுக்கென்றது. அவனுடைய தண்ணீர்க் குடுவை கவிழ்ந்தது. மணல் குடித்துத் தீர்த்தது.

"கொன்சுவேலோ!"

பறவை தலைக்கு மேலாக வாசல் பக்கம் பறந்தது. தூரத்தில், குஷியாக, அவனுடைய குரலே கேட்டது.

"வரேன், கொன்சுவேலோ!"

"அதுக்குள்ள கிளம்பிட்டியா? சரி, போயிட்டு வா!"

கதவு. பூட்டு. வண்டிச் சத்தம்.

அவன் கத்தினான். வெயில் உச்சிக்கு ஏறியது. கத்தல் முனகலானது.

"தண்ணி..."

பறவை திரும்பி வந்து, அவன் வாய்க்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து, அசையாமல், அந்தக் குரலைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது.