முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்

பின்னறையிலிருந்து தைல வாடை வந்தது. அந்த வீட்டில் தைலம் தேய்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள், லாரி ஓட்டும் கணவன், பத்து வயது மகள், மூன்றே பேர். மூவருக்குமே அந்த வாடை ஆகாது.

சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நின்றிருந்தவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். காலையிலிருந்தே அது மூக்கு நுனியில்தான் உட்கார்ந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிய கணவன் ஷூ மாட்டிக்கொண்டே, "அப்பா ராத்திரி பூரா இருமிட்டே இருந்தாரு, மருந்து குடுத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். அவனுடைய அப்பா இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். கிண்டல், வேறென்ன. அவள் பிழைப்பைப் பார்த்தால் அவனுக்கு அவ்வளவு இளக்காரம்.

பல் டாக்டரிடம் பார்த்துக்கொண்டிருந்த ரிசப்ஷன் வேலை போனதிலிருந்து அவளுக்கு ஆன்லைன் சர்வேதான் கைச்செலவுக்கு வழி. என்ன சோப்பு, என்ன பற்பசை, வீட்டில் யார் யார் என்று இருபது நிமிடம் குடைந்து குடைந்து கேட்பார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிறகு, 'மன்னிக்கவும், நாங்கள் தேடும் நபர் நீங்கள் அல்ல' என்று ஒரு வரி வந்து நிற்கும். காசு கிடையாது. அந்த அயோக்கியத்தனத்தை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்படி எரிந்த ஒரு நாளில்தான் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாள். படுத்த படுக்கையாக நோயாளி இருக்கும் வீடு என்றால் சர்வேக்காரர்கள் தள்ளிவிடுவதில்லை, காசும் கூடுதல். ஆகவே ஒரு மாமனாரை உண்டாக்கினாள். எண்பது வயது. இடது கால் விளங்காது. விடாத இருமல். நோயாளியின் குணம் என்ன என்று கேட்டபோது, தன் எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், 'முன்கோபி' என்று தட்டினாள். எந்த அறையில் இருக்கிறார்? பின்னறையில். அது மகள் படுக்கிற அறை, ஆனால் இந்த வீட்டில் வேறு அறை ஏது? யார் கவனித்துக்கொள்கிறார் என்ற கேள்விக்குத் தன்னைத்தான் போட்டாள். 'நாங்கள் தேடும் நபர் நீங்கள் அல்ல.' பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போய் மாற்றினாள். பேத்தி. உடனே அடுத்த பக்கம் திறந்தது. அன்றைக்குக் கணவனிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இப்போது அந்தப் பின்னறையில் யாரோ இருமினார்கள். நெஞ்சின் அடியிலிருந்து சளியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு மெல்ல மேலே வந்து, தொண்டையில் கொஞ்சம் சிக்கி, கடைசியில் அலுத்துப்போன ஒரு உறுமலில் முடிந்த இருமல். பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டு, அதே மாமனாரைப் பற்றி இன்றைக்கு வந்திருந்த சர்வேக்குத் திரும்பினாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையை இறக்கிவைத்தாள். வழக்கம்போல் தின்ன எதுவும் கேட்கவில்லை. நேராகப் பின்னறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் காலி டம்ளரோடு வந்து நின்றாள்.

"அம்மா, தாத்தா தண்ணி கேக்கறாரு."

"அப்பா சொல்லிக் குடுத்தாரா? அப்பனும் மகளும் சேந்து என்னைப் பைத்தியமாக்கப் பாக்கறீங்களா?"

"கத்தாதம்மா. அவருக்குக் கோவம் வரும்."

மகள் சிரிக்கவில்லை. டம்ளரை நிரப்பி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பழகிய நடையில் உள்ளே போனாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அப்போதே பின்னறைக்குப் போயிருக்கலாம். போகவிடாமல் கோபம் கண்ணை மறைத்தது. எல்லோருக்கும் நான்தான் கிடைத்தேனா? திரையில் கடைசிப் பக்கம் வந்திருந்தது. வரிசை வரிசையாக வாக்கியங்கள், எதிரே கட்டங்கள். சர்வே எழுதிப் பிழைக்கிறவர்கள் இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், முதல் கட்டத்தையே மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டு போவார்கள். அவளும் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வசவு. முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அனுப்பு.

'நன்றி. நாங்கள் தேடும் நபர் கிடைத்துவிட்டார்.'

அப்படி ஒரு வரியை அவள் இதுவரை பார்த்ததில்லை. அதன் கீழே, அவள் ஒப்புக்கொண்டவை எல்லாம் மறுபடி வந்து நின்றன. இப்போது வாசித்தாள்.

நோயாளிக்குப் பேத்தியைப் பிடித்திருக்கிறது.

பேத்தி இனிமேல் பள்ளிக்குப் போக வேண்டியதில்லை.

நோயாளியின் வயதைப் பேத்தி பகிர்ந்துகொள்ளலாம்.

அறைக் கதவை இனி வெளியிலிருந்து திறக்க வேண்டியதில்லை.

திருத்த வழி தேடினாள். பின்னால் போகும் பொத்தான் இல்லை. லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வழியில் இடித்து நாற்காலி ஒன்று சரிந்தது. தைல வாடை மூக்கை அடைத்தது.

கதவில் கைப்பிடி இல்லை.

அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. வழவழவென்று மரம். காலையில் அந்தக் கைப்பிடியில்தான் துண்டைத் தொங்கவிட்டிருந்தாள். துண்டு கீழே கிடந்தது.

"கண்ணு! கதவத் திற! அம்மா சும்மாதான் தட்டினேன், படிக்கவேயில்ல! டேய் கிழவா, எம்பொண்ண விடுடா! நீ பொய்யி! நான்தான்டா உன்னை உண்டாக்கினேன்!"

தோளால் இடித்தாள். உதைத்தாள். நகம் பெயர்ந்தது. கதவு அசையவில்லை. தன்னைத் தவிர வேறு யார் மேலும் கோபப்பட முடியாதென்று அவளுக்குத் தெரிந்தது, ஆனாலும் உதைத்தாள்.

உள்ளே இருமல். அதே இருமல். முடிந்தது.

பக்கத்திலேயே இன்னொன்று. மெல்லியது. புதியது.

"கத்தாதம்மா." மகளின் குரல்தான். கொஞ்சம் கரகரத்திருந்தது. "இப்பதான் கண்ண மூடினாரு."

"வெளிய வாடா தங்கம். வந்துரு."

தரையில் ஏதோ உரசியது. அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். கதவுக்கு அடியில் இருந்த சந்து வழியாக மகளின் பள்ளி அடையாள அட்டை மெல்ல மெல்ல வெளியே வந்தது. அதைத் தள்ளிய விரல் சின்னது. நேற்று அவளே மகளுக்குப் பூசிவிட்ட நீல நகப்பூச்சு அந்த நகத்தில் பளபளத்தது. விரலின் தோல் மட்டும் சுருங்கி, பழுப்புப் புள்ளிகளோடு, எலும்பை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.