ஒன்பது-ஆ

மன்னார்க் கடலடிக் குடியிருப்பில் காற்றுப் பங்கீட்டைச் சரிபார்ப்பது சுகிர்தாவின் வேலை. அன்று ஒன்பதாம் வீட்டில் கணக்கு இடித்தது. இருப்பது மூன்று பேர். ஆறு பேருக்குக் காற்று போய்க்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள் செலஸ்டினா. இடுப்பில் இரண்டு வயது மகள்.

"பிள்ளைய எத்தனை பேரு சொல்லிக் கூப்பிடுதீங்க?"

"அதுக்கென்ன கணக்கு மேடம்? குருவிம்போம், பட்டும்போம். கோவம் வந்தா மூதேவி."

"மூதேவிக்கும் ஒரு ஆள் காத்து போகுது."

சுவரிலிருந்த செவியான் என்ற கருவி, கேட்கும் பெயரையெல்லாம் பொதுத் தரவகத்துக்கு அனுப்பும். அங்கிருக்கும் சர்வர் ஒவ்வொரு பெயரையும் ஓர் ஆளாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஆளுக்கு ஒரே பெயர்தான். கரையில் பிறந்தவர்களுக்குப் பழைய பெயர் இருக்கலாம். கடலடியில் பிறந்தவர்களுக்கு வீட்டு எண்ணும் வரிசை எழுத்தும் மட்டுமே. இந்தக் குழந்தை ஒன்பது-அ. பதிவுப் பெயருக்குத் திரும்பாத குழந்தையைக் கரைக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ஒன்பது-அ," என்று கூப்பிட்டாள் சுகிர்தா. குழந்தை அம்மாவின் கம்மலை இழுத்துக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். திரும்பவில்லை.

"நான் கூப்பிட்டுப் பாக்கட்டா?" என்று முந்திக்கொண்டாள் செலஸ்டினா. மகளைக் கீழே விட்டு, அறையின் மறுகோடிக்குப் போய்க் கைகளை விரித்தாள். "ஒன்பது-அ... அம்மாட்ட வாங்க, என் ஒன்பது-அ!"

கொஞ்சலில் எண் குழைந்தது. குழந்தை தத்தித் தத்தி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது.

"இனிமே இந்தப் பேருதான். அவங்க அப்பாட்டயும் சொல்லிருங்க."

"மூதேவிய மட்டும் விட்டிருங்களேன்."

சுகிர்தா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூன்று பெயர்களையும் உரக்கச் சொல்லி அழித்தாள்.

இரண்டு வருடம் கழித்து அதே வீட்டில் நான்காவதாக ஒருவருக்குக் காற்று போனது. பெயர், ஒன்பது-ஆ. விதிப்படி அமைந்திருந்ததால் சர்வர் கேள்வியே கேட்கவில்லை. பிள்ளை பெற்றதைக்கூடச் சொல்லவில்லையே என்று நினைத்தபடி சுகிர்தா போனாள்.

கூடத்தில் அந்தச் சிறுமி துணிப்பொம்மையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு இது?"

"எங்க ஒன்பது-ஆ."

சுகிர்தா செவியானுக்குக் கேட்காதபடி குனிந்தாள். "செல்லமா ஒரு பேரு வையேன்."

"செல்லமாத்தான வச்சிருக்கேன்," என்றாள் சிறுமி. கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை.

பதிவை நீக்க, பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சுகிர்தா நிமிர்ந்து நின்று, "ஒன்பது-ஆ, நீக்கம்," என்றாள்.

சிறுமி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா கூப்பிடுங்க. இப்பத்தான் தூங்குனா."