மூன்றாவது ஆள் ஒளிந்துகொள்ளவும்

அலமாரியின் பூட்டை உடைத்தது நான்தான்.

தொடாதே என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். தொடாதே என்று சொன்னால் என் கை சும்மா இருக்காது. சமையலறைக் கத்தியை இடுக்கில் விட்டு ஒரு நெம்பு.

டக்.

கதவு திறந்தது. தொங்கிய கோட்டுகளுக்கு நடுவிலிருந்து ஓர் ஆள் என் தோளில் சாய்ந்தார்.

"சாரி சார்" என்றேன், மரியாதைக்கு.

அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லும் நிலையில் அவருடைய தலை இல்லை.

வாசலில் காலிங்பெல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது...

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வந்துவிடுகிறேன். பெல் அடிப்பவர் நிற்கட்டும்.

படிக்க வந்த நாட்டில் நாங்கள் மூன்று பேர் ஒரு செட். டாக்டரம்மா, கால்நடை மருத்துவம் படிப்பவள். கேப்டன், எங்கே சுற்றப் போனாலும் பஸ், ரூம், சாப்பாடு எல்லாம் அவன் பொறுப்பு. அப்புறம் நான். பட்டப்பெயர் சாம்பிராணி. விளக்கம் வேண்டியிருக்காது.

சனி, ஞாயிறு பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். வீட்டுச் சாவியை வாங்கி வைக்கிறேன் என்று கேப்டன் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டான். நானும் டாக்டரம்மாவும் சனிக்கிழமைக் காலை பஸ்ஸில். வழி முழுக்க அவள் தூங்கினாள். அதனால் என்ன, என் பக்கத்தில்தானே தூங்கினாள்.

பஸ்ஸிலிருந்து கேப்டனுக்கு போன் போட்டேன்.

"ஏன்டா, வீடு ரெண்டு பேருக்குத்தான் எடுத்திருக்கியாமே?"

"ஆமா மச்சி. அதுக்கு மேல அந்த வீட்டுக்காரர் சேர்க்க மாட்டார்."

"நாம மூணு பேராச்சே. மூணாவது ஆள் யாரு?"

"நீ வா, பார்த்துக்கலாம்."

"பார்த்துக்கலாம்னா?"

"பெல் அடிச்சா நீ ஒளிஞ்சுக்கோ. அவ்வளவுதான் விஷயம்."

நான்தான் மூணாவது ஆள் என்று அவன் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கேப்டனிடம் ஒரு நேரான பதில் வாங்குவதற்குள் நமக்கு நரைத்துவிடும்.

வந்து இறங்கியதும் என் முதல் கவலை சட்டை. பஸ்ஸில் கசங்கிப் போயிருந்தது. இதைப் போட்டுக்கொண்டா டாக்டரம்மா பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பது? பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டிய போட்டோ. சமையலறையில் இஸ்திரி மேசை மடித்து நிறுத்தி வைத்திருந்தது. பெட்டியைக் காணோம். நானும் அவளும் வீட்டையே கவிழ்த்துத் தேடினோம்.

"இந்த வீட்ல இஸ்திரிப்பெட்டியே கிடையாது மச்சி" என்றான் கேப்டன். "கசங்கின சட்டைதான் இப்ப ஃபேஷன். அப்புறம், அந்த அலமாரியை மட்டும் தொடாதீங்க. வீட்டுக்காரர் சாமானாம். பூட்டியிருக்கு. பெல் அடிச்சா பாத்ரூமுக்குள்ள போயிடு."

பாலும் ரொட்டியும் வாங்கி வர அவன் கீழே இறங்கினான். உடனே பெல் அடித்தது.

பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால்தான் அலமாரி. அதனால்தான் இந்தத் தோளில் சாய்ந்த மனிதர்.

டாக்டரம்மா ஓடி வந்தாள். கத்தவில்லை. அவரைத் தரையில் கிடத்தி, தாடையை அசைத்துப் பார்த்தாள்.

"விறைச்சுப் போச்சு. நேத்து ராத்திரியே முடிஞ்சிருக்கு."

"மாட்டு டாக்டர் சொன்னா கணக்கு சரியா இருக்குமா?"

"வாயை மூடு. காயத்தைப் பாரு. முக்கோணமா இருக்கு. எதால அடிச்சா இப்படி வரும்?"

நான் காயத்தைப் பார்க்கவில்லை. மீசையைப் பார்த்தேன். வீட்டு விளம்பரப் போட்டோவில் பார்த்த அதே முறுக்கு மீசை.

"டாக்டரம்மா... இவர்தான் வீட்டுக்காரர்."

"அப்ப பெல் அடிக்கிறது யாரு?"

வாசலிலிருந்து குரல் வந்தது. அந்த ஊர் மொழிதான். தமிழில் போடுகிறேன், உங்களுக்கு எதற்கு வீண் கஷ்டம்.

"கதவைத் திறங்க. நான் வீட்டுக்காரர் தம்பி. அண்ணன் நேத்து வீட்டுக்கு வரல. போனும் எடுக்கல. என்கிட்டயும் சாவி இருக்கு, இப்ப திறக்கப் போறேன்."

டாக்டரம்மா முகம் வெளுத்தது.

"நாமதான் கொன்னோம்னு நினைப்பான்டா."

"போலீஸுக்குச் சொல்லிடலாம்."

"முதல்ல கேப்டன் வரட்டும். என்ன பண்றதுன்னு அவனுக்குத்தான் தெரியும்."

அவளுக்கு இருக்கும் பலத்தை அன்றுதான் பார்த்தேன். கன்றுக்குட்டிகளைத் தூக்கிப் பழகிய கை. செத்தவரை நிமிர்த்தி அலமாரிக்குள் தள்ளினாள். பின்னாலேயே என்னையும் தள்ளி, கதவைச் சாத்தினாள்.

இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாசலை அடைத்துக்கொண்டு ஓர் உடம்பு உள்ளே வந்தது. மழையில் நனைந்த உடம்பு.

"நீ மட்டும்தான் இருக்கியா?"

"ஆமா. ஃப்ரெண்ட் கடைக்குப் போயிருக்கான்."

"வாசல்ல ரெண்டு ஜோடி ஷூ கிடக்கு."

"ஆமா."

"இந்த ஊர்ல யாரும் ஷூவை வெளியில விடறதில்ல."

"எங்க வீட்ல அப்படித்தான்."

"சின்னது உன்னுது. பெரிசு யாரோடது?"

"அ... அந்த ஃப்ரெண்டோடதுதான்."

"இந்த மழையில வெறுங்காலோடவா கடைக்குப் போனான்?"

அலமாரிக்குள் நான் என் அம்மாவை நினைத்துக்கொண்டேன். செருப்பை வெளியே விடு, வெளியே விடு என்று முதுகில் போட்டே வளர்த்த அம்மா. நல்லா வளர்த்தே, அம்மா.

அப்போதுதான் பூட்டு உடைந்த கதவு தன்னால் திறக்க ஆரம்பித்தது.

க்ர்ர்ரீச்...

செத்தவர் முதலில் வெளியே விழுந்தார். பின்னாலேயே நான்.

"அண்ணா" என்றார் தம்பி. அந்த ஒரு வார்த்தைதான்.

சட்டையைப் பிடித்துத் தூக்கி என்னைச் சுவரில் அடித்தார். நான் சொல்ல நினைத்தது, "நான் இல்ல." வெளியே வந்தது ஒரு பல். வயிற்றில் முழங்கால் இறங்கியது. தரையில் விழுந்தேன். மேலே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் கழுத்தை நெரித்தார். அவர் கண்ணிலிருந்து கண்ணீர் என் முகத்தில் சொட்டியது. எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சாகும் நேரத்தில் தேவையா எனக்கு இது?

டாக்டரம்மா அவர் முதுகில் பாய்ந்தாள். ஒரே உதறல். மேசை முனையில் போய் மோதினாள். புருவம் கிழிந்து கன்னமெல்லாம் ரத்தம்.

எனக்குக் கண் இருட்டியது...

வாசலில் பால் பாக்கெட் விழுந்து உடையும் சத்தம்.

கேப்டன்.

அவன் கத்தவில்லை, யோசிக்கவில்லை. நேராக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டான். எதையோ எடுத்தான். ஓங்கித் தம்பியின் மண்டையில் இறக்கினான்.

மட்!

கழுத்துப் பிடி தளர்ந்தது. மலை சரிந்த மாதிரி அவர் பக்கத்தில் சரிந்தார்.

"மச்சி, உயிரோட இருக்கியாடா?"

நான் கேப்டனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "தெய்வமே... நீதான்டா என் தெய்வம்."

டாக்டரம்மா தவழ்ந்து வந்து தம்பியின் தலையில் துண்டை வைத்து அழுத்தினாள். மூச்சு இருந்தது. துண்டை லேசாக விலக்கிப் பார்த்தாள். திரும்பி, கிடந்த அண்ணனின் தலையைப் பார்த்தாள். மறுபடி தம்பி தலையை.

"கேப்டன்."

"என்ன?"

"கையில என்ன?"

"இஸ்திரிப்பெட்டி."

"இந்த வீட்ல கிடையவே கிடையாதுன்னியே."

கட்டிக்கொண்டிருந்த காலை நான் மெல்ல விட்டேன்.

இரண்டு தலைகள். ஒரே முக்கோணம்.

கேப்டன் கதவைத் தாழிட்டான்.

"பூட்டைத் தொடாதேன்னு சொன்னேன்ல மச்சி. தொடாம இருந்திருந்தா நாளைக்கு ஜாலியா ஊருக்குப் போயிருக்கலாம்."

"ஏன்டா இப்படிப் பண்ணே?" என்றாள் டாக்டரம்மா.

"லீவு நாள்ல நான் இந்த வீட்டைத்தான் கூட்டித் துடைச்சுக்கிட்டிருந்தேன், உங்ககிட்ட சொன்னதில்ல. தங்க வந்தவங்க கேமரா ஒண்ணை எடுத்துட்டேன். வீட்டுக்காரர் துரத்திவிட்டுட்டார். காலேஜுக்கும் சொல்லிடுவேன்னார். சொன்னா படிப்பு போச்சு, விசா போச்சு. எங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன்? என் போனை அவர் எடுக்கவே இல்ல. சாவி கொடுக்க மட்டும்தான் நேர்ல வருவார். அதுக்காகத்தான் இந்த ட்ரிப்பே. கால்ல விழுந்தேன், டாக்டரம்மா. சத்தியமா விழுந்தேன். அவர் திரைச்சீலையைத் தேய்ச்சுக்கிட்டே, முடியாதுன்னுட்டு போனை எடுத்தார்."

"அவர் தேய்ச்சுக்கிட்டிருந்த பெட்டி..."

"கிட்டத்துலயே இருந்தது."

சொல்லிக்கொண்டே வீசினான். குறி அவள் தலை. நான் குறுக்கே கையை நீட்டினேன். வீரம் எல்லாம் இல்லை, கை தானாகப் போய்விட்டது. மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த வீச்சு என் தோளில். சட்டை கிழிந்தது. இனி தேய்த்தும் பிரயோசனமில்லை.

மூன்றாவது முறை ஓங்கினான். அதற்குள் டாக்டரம்மா சமையலறைக்கு ஓடித் திரும்பியிருந்தாள்.

பெட்டி அவனிடம். மேசை அவளிடம்.

இரும்புக் கால்களோடு இஸ்திரி மேசையைச் சுழற்றி அவன் முழங்காலில் அடித்தாள். ஏதோ முறிந்தது. அவன் நொண்டி நகரப் பார்த்தான், முடியவில்லை. தரையில் கிடந்த தம்பியின் கை அவன் கணுக்காலைப் பிடித்திருந்தது. இன்னும் முழுசாக நினைவு திரும்பாத மனிதர்தான், பிடி மட்டும் விடவில்லை. கேப்டன் முகம் குப்புற விழுந்தான். அவள் மேசையை மறுபடி இறக்கினாள். மூக்கு போயிற்று.

மாட்டை மடக்கிக் கட்டுகிற மாதிரி, இஸ்திரிப்பெட்டி வயரால் அவன் கைகளைக் கட்டினாள். அவனைப் புரட்டிப் போட்டு மேலே நான் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே சண்டை அதுதான்.

அவள் போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டாள். அப்புறம் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தூங்கிடாதீங்க அண்ணே, என்னைப் பாருங்க" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

"கேப்டன்" என்றேன். பல் போன இடத்தில் காற்று அடித்தது. "ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"வீடு ரெண்டு பேருக்குத்தான் எடுத்தே. மூணாவது ஆள் யாரு?"

"இப்ப அதுவாடா முக்கியம்?"

"காலையிலேருந்து கேக்கறேன். நேரா ஒரு பதில் சொல்லு."

அவன் மூக்கு ரத்தத்தை உறிஞ்சினான். கூரையைப் பார்த்தான்.

"நான்தான்டா. என் பேரைப் பார்த்தா வீடு தரமாட்டார். உன் பேர்லயும் அவ பேர்லயும்தான் எடுத்தேன். கணக்குப்படி நான் இந்த ஊருக்கே வரல. பிணம் கிடைச்சா, உங்க ரெண்டு பேரைத்தான் தேடுவாங்க."

தூரத்தில் சைரன் கேட்டது.

"அட நாசமாப் போறவனே" என்றேன். "அவ பேரும் என் பேரும் பக்கத்துல பக்கத்துல வரணும்னு ஆசைப்பட்டேன்தான். அதை நீ கல்யாணப் பத்திரிகையில போட்டிருக்கலாமேடா."