மூக்கு நுனியில் நிலா

"ஐயோ... யாராவது வாங்களேன்!"

டைகி நகர மண்டபத்தில் அந்த அலறல் எழுந்தபோது, மேடையில் நின்றிருந்த வெள்ளை விண்வெளி உடை மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

முதலில் முழங்கால் மடிந்தது.

பிறகு இடுப்பு.

பிறகு மொத்தமும்... தடால்!

உடைக்குள் இருந்தவள் மினொவா சிஸா. வயது இருபத்தொன்பது. 'ஹோஷிமிச்சி' கம்பெனியின் ராக்கெட்டில், வரும் வசந்தத்தில் நிலாவைச் சுற்றிவரப் போகிறவள்.

விண்வெளிப் பயண மாநாட்டின் இரண்டாம் நாள் அது. ராக்கெட் கம்பெனி முதலாளிகள், எஞ்சினியர்கள், அட்டையில் செய்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒசாகாவிலிருந்து வந்த ரசிகர்கள்... மண்டபமே எழுந்து நின்று கத்தியது.

மேடைப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்ற ஒருத்தி மட்டும் கத்தவில்லை.

குஸுமி ரியெகோ. வயது முப்பத்து நான்கு. அதே பயணத்துக்கு மாற்று ஆள்.

சிஸாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த இருக்கை இவளுக்கு!

ஆகிவிட்டது.

ஆக்கியவளே இவள்தான்!

மாற்று ஆளின் வேலை விசித்திரமானது. முதல் ஆள் செய்கிற அத்தனையும் செய்ய வேண்டும். அதே பயிற்சி, அதே சாப்பாடு, அதே ஊசி. கடைசி நாள் காலை ஒருத்தி ராக்கெட்டில் ஏறுவாள். மற்றவள் கீழே நின்று கை அசைப்பாள்.

இரண்டு வருடமாக ரியெகோ அந்தக் கை அசைப்புக்குத்தான் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் இல்லாத அறையில் இருவரையும் அடைத்து, பொறுமையை அளக்கக் காகிதக் கொக்கு மடிக்கச் சொன்னார்கள். போகப் போக ரியெகோவின் கொக்குகள் காக்கைகளாக மாறின. சிஸாவின் கடைசிக் கொக்கு முதல் கொக்கைவிட அழகாக இருந்தது!

நேற்று, மாநாட்டின் முதல் நாள். ரசிகர் கூட்டம் ஒன்று ரியெகோவை நோக்கி ஓடிவந்தது.

"மேடம்... மேடம்!"

ரியெகோ தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

ஒருவன் தன் போனை அவள் கையில் திணித்தான். "சிஸா சான்கூட நாங்க நிக்கிறோம். ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

எடுத்தாள்.

"இன்னொண்ணு ப்ளீஸ்! இதுல உங்க விரல் விழுந்திருக்கு!"

அதையும் எடுத்தாள்.

அந்தப் பக்கமாக வந்த கம்பெனித் தலைவர் தோகாஷி தன் பழைய ஜோக்கை எடுத்துவிட்டார். "மினொவா, படிக்கட்டுல பாத்து இறங்கும்மா! பின்னாடி மாற்று ஆள் வருது!"

கூட்டம் சிரித்தது. சிஸாவும் சிரித்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். ரியெகோ சான் இல்லன்னா நான் உடைக்குள்ள கையைக்கூட ஒழுங்கா விட்டிருக்க மாட்டேன்!"

அந்த நல்ல குணம்தான் ரியெகோவுக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்தாலாவது நிம்மதியாக வெறுக்கலாம்!

அன்று மாலை முடிவு செய்தாள்.

ஹெல்மெட்டுக்குள், முகத்துக்கு நேர் கீழே, கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல்... பார்த்தால் அற்ப சாமான். ஆனால் வேலை பெரியது.

உடைக்குள் காற்றழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். மலைப்பாதையில் பஸ் சரசரவென்று இறங்கும்போது அடைக்குமே, அதே அடைப்பு. வெளியே என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் ஊதுவோம். 'டப்' என்று திறந்துகொள்ளும். ஆனால் தலை ஹெல்மெட்டுக்குள் இருக்கிறதே... கை எப்படிப் போகும்? அதற்குத்தான் ஸ்பாஞ்ச். தலையைக் குனிந்து, மூக்குத் துவாரங்களை அதில் அழுத்தி அடைத்துக்கொண்டு ஊத வேண்டும்.

வேறு யார் மூக்கும் அங்கே போகாது.

இன்று காலை, ஹொக்கைடோ மலையோரத்தில் ஊதாவாகப் பூக்கும் ஒரு செடியின் வேர்ச்சாறு அந்த ஸ்பாஞ்சில் ஏறியது.

சிஸா விழுந்ததும் பதறி ஓடுவதுபோல் ஓடி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஸ்பாஞ்சைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட வேண்டும். அதுதான் திட்டம்.

ஓடினாள்.

அவளுக்கு முன்னால் ஒரு ஆள் மேடைமேல் குதித்தான்! குட்டை உருவம். ராக்கெட் படங்களைச் சட்டை முழுக்கத் தன் கையாலேயே தைத்துக்கொண்டிருந்த ரசிகன்.

"யாரும் எதையும் தொடாதீங்க! போலீஸ்!"

"நீங்க... போலீஸா?" ரியெகோ திகைத்தாள்.

"இன்ஸ்பெக்டர் உகாஜி. லீவு போட்டுட்டு மாநாடு பாக்க வந்தேன். லீவு இப்பத்தான் முடிஞ்சுது." குனிந்தபடியே கத்தினார். "உடையைக் கழட்டத் தெரிஞ்சவர் யாரு? வாங்க சீக்கிரம்!"

உடைப் பிரிவுத் தலைவர் ஷிராதோ ஓடிவந்தார். ஹெல்மெட் திறந்தது. சிஸாவின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன.

ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

ஹெல்மெட்டை இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டு போனார்.

ஸ்பாஞ்சோடு!

மத்தியானம் ரியெகோவின் ஓட்டல் அறையில் போன் அலறியது. தோகாஷி.

"குஸுமி... மினொவா போயிட்டாம்மா. இன்ஸ்பெக்டர் இப்பத்தான் சொன்னார்."

ரியெகோ அழுதாள். அவளே ஆச்சரியப்படும்படி அழுகை நன்றாகவே வந்தது.

"அழாதே. கேளு. பணம் போட்டவங்க எல்லாம் ஆடிப்போயிருக்காங்க. நாளைக்கு நிறைவு விழா. நீ அந்த உடையைப் போட்டுக்கிட்டு மேடையில நிக்கணும். நம்ம உடையில ஒரு குறையும் இல்லேன்னு ஊருக்குத் தெரியணும். முடியுமா?"

"சிஸாவுக்காக... செய்றேன் சார்."

"நல்லது. இனிமே நீதான் முதல் ஆள்."

முதல் ஆள்!

போனை வைத்த பிறகு அந்த வார்த்தையைத் தனியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் உகாஜி வந்தார். ஒரு கையில் காய்ந்த கணவாய் மீன் பொட்டலம். இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஹெல்மெட்.

"மன்னிச்சுக்குங்க குஸுமி சான், இந்த நேரத்துல... கணவாய் சாப்பிடறீங்களா?"

"வேண்டாம். சிஸாவுக்கு... மாரடைப்பா இன்ஸ்பெக்டர்?"

"டாக்டர் அப்படித்தான் பேசறார். ஆனா உடையில ஏதும் கோளாறான்னு நான் அறிக்கை எழுதணும். இந்த ஹெல்மெட்ல என்னென்ன இருக்குன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். ஒண்ணு விடாம."

ரியெகோ உறைக்கு மேலாகவே விரலால் காட்டினாள். "இது முகக் கண்ணாடி. உள்பக்கம் ஆவி படியாம இருக்க சோப்பு மாதிரி ஒண்ணு தடவுவோம். இது மைக். இது தண்ணிக் குழாய், கடிச்சாத்தான் தண்ணி வரும். பின்னாடி காத்து வர்ற வழி. இது குட்டிக் கேமரா. முகத்தைப் பெரிய திரையில காட்டும்."

"அற்புதம்! அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

உகாஜி கணவாயை மென்றுகொண்டே தலையாட்டினார். பிறகு கூச்சத்தோடு சட்டையை இழுத்துக் காட்டினார். "இங்க ஒரு கையெழுத்து போடறீங்களா? நானும் ரெண்டு தடவை விண்ணப்பம் போட்டவன்தான். ரெண்டு தடவையும் கண்ணு சரியில்லேன்னு தள்ளிட்டாங்க."

இரண்டு வருடத்தில் அவளிடம் கையெழுத்துக் கேட்ட முதல் மனிதர்! ரியெகோ பெரிதாகவே போட்டாள்.

"ஹெல்மெட்ல ஒண்ணும் இல்ல. நாளைக்கு விழாவுக்கு அப்படியே குடுத்துடறேன்."

"அப்படியேவா? நான் வேணா ஒரு தடவை சுத்தம் பண்ணி..."

"அதெல்லாம் ஷிராதோ சான் பாத்துக்குவார். நீங்க நல்லா ஓய்வெடுங்க. நாளைக்கு உங்க நாளாச்சே!"

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. சிஸாவுக்காக எல்லோரும் தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். பிறகு விளக்குகள் மேடையை நோக்கித் திரும்பின.

உடை முழுக்க ஏறியாகிவிட்டது. கடைசியாக ஷிராதோ ஹெல்மெட்டைத் தூக்கினார்.

ரியெகோவின் கண் நேரே அங்கேதான் போனது.

ஸ்பாஞ்ச் இருந்தது. அதே சாம்பல் நிறம். ஓரத்தில் அதே சின்னக் கிழிசல்!

'தொடாமல் இருந்தால் போதும். எச்சிலை விழுங்கியே சமாளித்துவிடலாம்.'

க்ளிக்! ஹெல்மெட் பூட்டிக்கொண்டது.

"பிரஷர் ஏத்தறேன்." காதுக்குள் ஷிராதோவின் குரல்.

ஸ்ஸ்ஸ்...

காது அடைத்தது. விழுங்கினாள். லேசாகத் திறந்தது.

"காது எப்படி இருக்கு?"

"ஓகே."

"இன்னும் ஏத்தலாமா?"

"ஏத்துங்க."

விழுங்கினாள். திறக்கவில்லை. மறுபடி விழுங்கினாள். வாய் காய்ந்துவிட்டது. இடது காதுக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது.

முதல் வரிசையில் பணம் போட்டவர்கள். மூன்றாவது வரிசையில் கணவாய் மெல்லும் உகாஜி. 'நிறுத்துங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால்? இந்தச் சின்ன அழுத்தத்துக்கே காது தாங்காதவளை நிலாவுக்கு அனுப்புவார்களா? சிஸா என்றால் சிரித்துக்கொண்டே நின்றிருப்பாள் என்பார்கள்!

மூக்கு நுனிக்கு ஒரு விரல் தூரத்தில் ஸ்பாஞ்ச்.

"குஸுமி சான்... காது?"

"ஓ... கே..."

பெரிய திரையில் அவள் முகம் கோணியது. கண்களில் நீர் தெறித்தது. தலை தன் பழக்கத்தில் குனிந்தது... ஸ்பாஞ்சுக்கு மேலே மயிரிழையில் நின்றது... வெடுக்கென்று பின்னால் போனது!

டப்!

உள்ளே ஏதோ கிழிந்தது. சூடாக ஒன்று கழுத்தில் வழிந்தது.

ரியெகோ அலறினாள்.

மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அவள் காதில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். தோகாஷி ஒரு மூலையில் வெளிறிப்போய் நின்றார்.

உகாஜி அவள் இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ சொன்னார்.

"என்ன?" என்றாள்.

"ஓ... மன்னிக்கணும்." நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். "மூக்கை ஏன் ஸ்பாஞ்ச்ல வைக்கலேன்னு கேட்டேன்."

"மறந்துட்டேன். பதட்டம்..."

"மறக்கிற விஷயமா அது? முந்தாநாள் உங்க ஸ்டால்ல பள்ளிக்கூடப் பசங்களுக்குச் சொன்னீங்களே... 'கண் இமைக்கிற மாதிரி மூக்கு தானாப் போயிடும்'னு! பசங்களுக்குப் பின்னாடி நானும் வாயைப் பொளந்து கேட்டுட்டு இருந்தேன். அவ்வளவு ஆசையாச் சொன்னவங்க, நேத்து என்கிட்ட ஹெல்மெட்ல இருக்கிற அத்தனையும் சொல்லிட்டு அதை மட்டும் விட்டுட்டீங்க."

"அது... தற்செயலா..."

"சிஸா சான் விழறதுக்கு முன்னாடி அவங்க மூக்கு ஸ்பாஞ்ச்ல பட்டதைப் பெரிய திரையில பாத்தேன். நீங்க மேடைப் பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னாடி நின்னதால உங்களுக்குத் தெரியல. ஸ்பாஞ்ச் நேத்து உங்க அறையிலிருந்து நேரா ஆய்வுக்கூடத்துக்குப் போயாச்சு. விஷம்! இன்னிக்கு உங்க மூக்குக்குக் கீழ இருந்தது புத்தம்புது ஸ்பாஞ்ச். பழசுல இருந்த மாதிரியே அந்தக் கிழிசலை நான்தான் என் நகத்தால பண்ணினேன்."

ரியெகோவின் கை தன் மூக்கு நுனிக்குப் போனது.

புதியது! அழுத்தியிருந்தால்... ஒன்றும் ஆகியிருக்காது!

"ஒரு வார்த்தை 'நிறுத்துங்க'ன்னு சொல்லியிருந்தாலும் ஷிராதோ சான் அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பார். எத்தனை தடவை கேட்டார்! செவிப்பறை கிழியற வரைக்கும் 'ஓகே ஓகே'ன்னே சொல்லிட்டு இருந்தீங்க."

"போகட்டும்..." ரியெகோ திடீரென்று சிரித்தாள். கோணல் சிரிப்பு. "நான் போகலேன்னா பரவாயில்ல. அவளும் போகல. அது போதும் எனக்கு!"

உகாஜி தலையைச் சொறிந்தார். "அங்கதான் ஒரு சின்னச் சிக்கல். சிஸா சான் ஆஸ்பத்திரியில கஞ்சி குடிச்சிட்டு இருக்காங்க."

"என்ன?!"

"இந்தக் காதும் கேக்கலையா? உயிரோட இருக்காங்கன்னு சொல்றேன்! செத்துட்டாங்கன்னு நான் சொன்னது பொய். தோகாஷி சாருக்கே இப்பத்தான் சொன்னேன், பாருங்க இன்னும் மூச்சு வாங்கறார்."

"முடியாது! மூக்கை அழுத்தி ஊதியிருந்தா..."

"ஊதினாத்தானே! அவங்களுக்குக் காது திறக்க ஸ்பாஞ்சே வேண்டாமாம். தாடையை லேசா ஒரு ஆட்டு ஆட்டினா திறந்துக்குமாம். பிறவியிலேயே அப்படி. நேத்து மூக்கு அரிச்சுதுன்னு ஒரே ஒரு தடவை அதுல லேசா உரசிக்கிட்டாங்க. அவ்வளவுதான் உள்ள போச்சு. வசந்தத்துக்குள்ள தேறிடுவாங்கன்னு டாக்டர் சொல்றார். இருக்கை அவங்களுக்குத்தான்."

ரியெகோவின் உதட்டிலிருந்து வந்தது மன்னிப்பு இல்லை.

"காது திறக்கறதுல கூட... அவதான் ஒசத்தியா?"

உகாஜி எழுந்தார். கைவிலங்கை எடுத்தார். போகிற போக்கில் அவளுடைய நல்ல காதின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"வருத்தப்படாதீங்க குஸுமி சான். சின்ன அறை, கனமான கதவு, மணி அடிச்சா சாப்பாடு... எல்லாம் நீங்க பயிற்சி எடுத்ததுதான். அதுவும் இந்தப் பயணத்துக்கு நீங்கதான் முதல் ஆள்... மாற்று ஆளே கிடையாது!"